சுதா இன்று லீவு

சாமிக்குப் பாவாடை தைத்து விற்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: உடுத்திக்கொள்பவர் வாயே திறப்பதில்லை. அவருக்கும் சேர்த்து வாங்கிப் போகிறவர்கள் திறப்பார்கள். வீட்டு மூலையில் மெஷினைப் போட்டுக்கொண்டு போனிலேயே கடை நடத்தும் என் சக பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் கிளார்க்காக இருந்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபோது, ராஜா அண்ணாமலைபுரத்து வாடகை வீட்டில் நானும் தையல் மெஷினும்தான் மிஞ்சினோம். கல்யாணம் நடக்கவில்லை; ஒரே அக்கா புனேயில். தி.நகர் டெய்லர் கடைகளில் பட்டு ரவிக்கை வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளைச் சும்மாவே அள்ளிக் கொடுப்பார்கள். அதில் அம்மன் விக்கிரகத்துக்கும் நோன்புக் கலசத்துக்கும் பாவாடை தைத்து, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்தேன். கைமுதலும் கிடையாது, பேச்சுத் துணையும் கிடையாது.

வாய் தவறிப் பிறந்தவள்

முதல் மாதமே அடையாறிலிருந்து ஒரு அம்மா போனில் பிடித்துக்கொண்டார். பாவாடை அம்மனுக்கு முழங்காலோடு நின்றுவிட்டதாம். "உங்க கடையில வேற யாராவது இருந்தா குடுங்க" என்றார். ஒற்றை ஆள் கடை என்று தெரிந்தால் மறுபடி வாங்க மாட்டாரோ என்று எனக்குப் பயம். "உங்களிடம் ஒரு டீம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளுங்கள்" என்று தொழில் சொல்லித்தரும் வீடியோ ஒன்றில் கேட்டது வேறு மண்டையில் ஓடியது.

"அளவை எங்க சுதா தப்பா எழுதிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். சுதா யார் என்று எனக்கே தெரியாது. அதுவரை என்னைக் காய்ச்சி எடுத்த குரல் சட்டென்று இறங்கியது.

"ஐயோ, சின்னப் பொண்ணா? அவளைத் திட்டிடாதீங்க, பாவம்."

இரண்டாவது போன்

அன்றைக்கே சுதாவை வேலைக்கு எடுத்துக்கொண்டேன். அலமாரியில் கிடந்த பழைய போனுக்கு ஒரு சிம் போட்டுக் கொடுத்தேன். சுதா போனில் பேச மாட்டாள், மெசேஜ் மட்டும்தான். ஆனால் காலையில் எல்லோருக்கும் வணக்கம் போடுவாள், பிள்ளைகளின் பரீட்சையை விசாரிப்பாள். எனக்கு வராத குணமெல்லாம் அவளுக்கு வந்தது. என் போனில் "எப்ப அனுப்புவீங்க?" என்று வரும். அவள் போனில் "சாப்டியாம்மா?" என்று வரும்.

மந்தைவெளியில் ஒருவர், அம்பாளுக்கு இடுப்பில் பாவாடை ஏறவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அளவு கொடுத்தது நீங்கள்தானே என்று நானும் எகிறினேன். பிறகு சுதா அவரிடம், "சார், பழைய சந்தனக் காப்பை எடுத்துட்டுப் போட்டுப் பார்க்கறீங்களா?" என்று எழுதினாள். எடுத்தார், ஏறிவிட்டது. உடனே எனக்குப் போன்.

"நீங்க எரிஞ்சு விழுந்தீங்க. அந்தப் பொண்ணு பாருங்க, என்ன பொறுமையா சொல்லிச்சு. அவகிட்டேருந்து கத்துக்கோங்க மேடம்."

தாம்பூலம்

நவராத்திரியின்போது பெசன்ட் நகர் மாமி ஒருவர் எங்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்தனுப்பினார். இவர் ரிடையரான ஆசிரியை, என் பழைய வாடிக்கை, அதாவது சுதாவின் வாடிக்கை. இரண்டு பைகள். சுதாவின் பையில் மட்டும் ஒரு டஜன் கண்ணாடி வளையல் கூடுதலாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பொறாமையாக இருந்தது.

பைகளைக் கொண்டுவந்தவர் ஏழுமலை. என் பார்சல்களை ஆட்டோவில் ஏற்றிப்போய்க் கூரியரிலும், பக்கத்து ஏரியா என்றால் வீட்டிலேயும் சேர்ப்பவர். வாசலில் நின்றபடி கீழே பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், மறுபடி கீழே பார்த்தார்.

"இன்னாக்கா, ஒரு ஜோடி செருப்புதான் கீது. சுதாக்கா வெறுங்கால்லயா வேலைக்கு வருது?"

காய்ச்சல்

ஐப்பசி மழையில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை. சுதா போனை எடுத்து, "அக்காவுக்குக் காய்ச்சல். ஆர்டர் லேட்டாகும்" என்று எல்லோருக்கும் அனுப்பினேன். ஆர்டர் ஒரு சாக்கு. எப்படி இருக்கிறாய் என்று யாராவது ஒருத்தர் என்னைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பதில்கள் வந்தன, எல்லாம் சுதாவுக்கு. நீ பத்திரமாக இரு, உனக்கும் ஒட்டிக்கொள்ளப் போகிறது, மாஸ்க் போட்டுக்கொள் என்று. மாமி மட்டும் என்னைப் பற்றிக் கேட்டார். ஜுரம் எவ்வளவு, கஞ்சி குடித்தாளா, நெற்றியில் ஈரத்துணி போட்டாயா. படித்துவிட்டு நன்றாக அழுதேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு போய் நானே கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு, "குடிச்சுட்டாங்க மாமி, நான் பார்த்துக்கறேன்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது.

"சமத்து. இன்னிக்கு மட்டும் அவளைத் தனியா விட்டுட்டு உங்காத்துக்குப் போயிடாதே."

நேரில்

மறுநாள் மத்தியானம் காலிங் பெல் அடித்தது. வாசலில் நனைந்த குடையும் டிபன் கேரியருமாக மாமி. அதுவரை நேரில் பார்த்ததே இல்லை; பார்சலில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "சுதா எங்கே?" என்றார். "இன்னிக்கு லீவு மாமி" என்றேன்.

"ஜுரத்தோட உன்னைப் போட்டுட்டு லீவா? இரு, நான் கேக்கறேன்" என்று உள்ளே வந்தபடியே தன் போனை எடுத்து அழுத்தினார். என் தலையணைக்கு அடியில் மணி அடித்தது. மாமி தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழுவிக் கவிழ்த்திருந்த ஒற்றைத் தட்டைப் பார்த்தார். சுதா என்று யாரும் இல்லை மாமி, நான் மட்டும்தான் என்று சொன்னேன். இனி பெசன்ட் நகர் பக்கமிருந்து ஒரு மெசேஜும் வராது என்று நினைத்தேன்.

மாமி போனை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். அந்தத் தட்டைக் கொண்டுவந்து ரசம் சாதத்தைப் பிசைந்து வைத்தார்.

"அவளுக்கும் சேர்த்துதான் கொண்டுவந்தேன். ரெண்டு பங்கும் நீயே சாப்பிடு. மிச்சம் வைக்கப்படாது."

இப்போதும் மாமி சுதாவின் நம்பருக்குத்தான் தினமும் எழுதுகிறார், "உங்கக்கா சாப்ட்டாளாடீ?" என்று. ஆகவே, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களே, முதல் இல்லாவிட்டாலும் நல்ல பெயர் எடுக்கத் தெரிந்த ஒருத்தியை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஒருத்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.