கட்டாயம் உமாபதி

உமாபதியை ஊரில் 'கட்டாயம் உமாபதி' என்றுதான் சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வாய் கசக்கிறது. அவர் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு.

என் பெயர் தாவீது. காஞ்சிபுரத்தை ஒட்டி இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே டாக்டரம்மா மிஸ் பார்லோ, இங்கிலாந்துக்காரி. கைராசிக்காரி, நல்லவள். ஆனால் இருபது வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் 'நாக்கை நீட்டு', 'மூச்சு விடு', 'பயப்படாதே' என்ற மூன்றுக்கு மேல் தமிழ் வரவில்லை. வராததற்கு உமாபதியும் ஒரு காரணம். பக்கத்திலேயே ஒரு வாய் இருக்கும்போது யார் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்வார்கள்?

உமாபதி தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டுத் தறியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அறுபத்தொன்றில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டாக்டரம்மா இங்கிலீஷில் சொல்வதை நோயாளியின் வீட்டாருக்குத் தமிழில் சொல்வதுதான் வேலை.

அந்த இங்கிலீஷைப் பற்றி அவர் எனக்கு ஒரு பாடமே நடத்தியிருக்கிறார். இங்கிலீஷ்காரர்கள் வினைச்சொல்லைத் தனியாக வெளியே அனுப்பவே மாட்டார்களாம். துணைக்கு ஒரு 'வில்'லோ ஒரு 'மே'யோ முன்னால் போகும். அதை ஒட்டிக்கொண்டு ஒரு 'சர்ட்டன்லி'யோ ஒரு 'ப்ராபப்ளி'யோ போகும். 'வில் சர்ட்டன்லி' பிழைப்பான் என்றால் ஆள் நடந்தே வீடு போய்ச் சேருவான். 'வில் ப்ராபப்ளி' என்றால் பத்துக்கு ஏழு. 'மே பாசிப்ளி' என்றால் டாக்டரம்மா கைவிட்டாயிற்று, சொல்லத்தான் மனசு வரவில்லை. 'கேன் ஹார்ட்லி' என்றால் வெட்டியானுக்குச் சொல்லி அனுப்பலாம்.

"முன்னாடி வர்ற வார்த்தைய மட்டும் பாத்தா ஏமாந்துடுவ தாவீது," என்பார். "பின்னாடி ஒட்டிக்கினு வருது பாரு, அதுலதான் விஷயமே இருக்குது. வில்லுன்னா உறுதின்னு நெனப்ப. ப்ராபப்ளி வந்து அதும் காலப் புடிச்சி இழுத்துடும்."

டாக்டரம்மா அப்படி அளந்து அளந்துதான் பேசுவார். உமாபதியும் முதல் வருஷம் அளவு குறையாமல் அப்படியே தமிழில் சொன்னார். அப்போதுதான் ராமலிங்கம் என்று ஒருவன் வந்தான், டைபாய்டு காய்ச்சலோடு. "வில் ப்ராபப்ளி" என்றார் டாக்டரம்மா. உமாபதி, "பெரும்பாலும் பொழைச்சிக்குவாரு" என்றார். ராமலிங்கத்தின் அண்ணன்களுக்கு அந்தப் 'பெரும்பாலும்' மட்டும்தான் காதில் விழுந்தது. சாகிறவன் வீட்டிலேயே சாகட்டும் என்று சாயங்காலமே ஜட்கா வண்டி வைத்துக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் செத்தான். பத்து நாள் படுத்திருந்தால் பிழைத்திருப்பான்.

"நாந்தாம்பா கொன்னுட்டேன்," என்று என் மருந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று உமாபதி அழுதார்.

அதோடு அளவை விட்டுவிட்டார். டாக்டரம்மா எதைச் சொன்னாலும், உமாபதி வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்: "கட்டாயம் சரியாயிடும்மா." ஜனங்கள் நம்பிப் படுத்தார்கள். மருந்தைக் குடித்தார்கள். நிறையப் பேர் பிழைத்தார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். செத்தவர்களின் வீட்டார் விதி என்று போய்விட்டார்கள். டாக்டரம்மாவோ தான் பேசி முடித்ததும் எதிரே இருக்கிற முகங்கள் மலர்வதைப் பார்த்து, தன் பேச்சில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

என்னைத் தவிர இதெல்லாம் முழுதாகத் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான், உமாபதியின் மனைவி லோகாம்பாள். தினம் வீட்டுக்குப் போனதும் இன்றைக்கு எதைக் கட்டாயமாக்கினேன் என்று அவளிடம் சொல்லிவிடுவார். அவளும் சிரிப்பாள்.

எழுபத்தொன்றில் லோகாம்பாள் அதே ஆஸ்பத்திரியில் வந்து படுத்தாள். வயிற்றில் கட்டி. டாக்டரம்மா கிழித்துப் பார்த்தார், ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே தைத்துவிட்டார். வெளியே வந்து உமாபதியின் தோளைத் தொட்டுச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "ஷி கேன் ஹார்ட்லி லாஸ்ட் த மன்த், உமாபதி. யூ மஸ்ட் சர்ட்டன்லி டெல் ஹர்."

மாதம் தாண்டுவது கடினம், அவளிடம் கட்டாயம் சொல்லிவிடு. டாக்டரம்மா நிஜமாகவே கட்டாயம் என்று சொன்னது அதைத்தான்.

லோகாம்பாளுக்குத் தெரியவேண்டி இருந்தது. தென்னேரியில் வாழ்க்கைப்பட்ட தங்கை மங்கையர்க்கரசியோடு அவளுக்கு எட்டு வருஷமாகப் பேச்சில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கு லோகாம்பாள் கடன்பட்டுப் பட்டுப் புடவை எடுத்துக்கொண்டு போனாள். மங்கையர்க்கரசி சபை நடுவில் அதன் சரிகையைக் கல்லில் உரசிப் பார்த்தாள். அசல் சரிகைதான். ஆனாலும் உரசிவிட்டாளே. இந்த ஊரில் அக்கா கொண்டுவந்த புடவையை உரசுவது அக்காவைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். லோகாம்பாள் சாப்பிடாமல் திரும்பி வந்துவிட்டாள்.

இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? நெஜத்த சொல்லுங்க. சாவப்போறேன்னா நானே வண்டி வெச்சிக்கினு தென்னேரிக்குப் போயி அவகிட்ட பேசிடறேன். பொழைப்பேன்னா போவ மாட்டேன். தப்பு பண்ணவ அவ, அவளே வரட்டும்."

"கட்டாயம் சரியாயிடும்," என்றார் உமாபதி.

லோகாம்பாள் அவர் முகத்தையே பார்த்தாள். "இது உங்க கட்டாயமா, டாக்டரம்மா கட்டாயமா?"

"டாக்டரம்மாதுதான். ஏகாம்பரநாதர் சத்தியமா."

சாமி பெயரை இழுத்ததும் அவள் நம்பிவிட்டாள். "அப்போ அவளே வரட்டும்," என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் எவ்வளவு நிம்மதி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராந்தாவில் வைத்து அவரைக் காய்ச்சி எடுத்தேன். "ஊரான் வூட்ல சொன்ன பொய்ய கட்னவகிட்டயும் சொல்றியே, நீயெல்லாம் மனுசனா?" என்றேன். "சொன்னா இன்னிக்கே செத்துடுவாப்பா, என்னால முடியாது," என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோழை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது எனக்கு. யோக்கியன் அல்லவா!

ஒரு வாரம் போயிருக்கும். மருந்து ஜன்னலில் ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டார். சீட்டு எங்கே என்றேன். சீட்டு இல்லை, இருமலும் இல்லை. மங்கையர்க்கரசியின் புருஷன் கைலாசம் அவர்.

"லோகாம்பாளுக்கு எப்டி இருக்குதுண்ணா? எங்க வூட்ல கேட்டுக்கினு வரச் சொன்னா," என்றார் மெதுவாக. "ஆபத்துன்னா இன்னிக்கே கெளம்பி வந்துடறாளாம். இல்லன்னா அவ அக்காவே மொதல்ல பேசட்டும்ங்கறா."

ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பிடிவாதம். எதிர் பெஞ்சில் உமாபதி உட்கார்ந்திருந்தார், கைலாசம் அவரைக் கவனிக்கவில்லை. கைலாசத்துக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தங்கை அழுதுகொண்டு வந்து நின்றால் லோகாம்பாளுக்கு அந்த நிமிஷமே எல்லாம் தெரிந்துவிடும். புருஷன் பொய்ச் சத்தியம் செய்ததும் தெரிந்துவிடும். சாகிறவளுக்கு அது வேண்டுமா என்று நினைத்தேன். இதெல்லாம் நான் பிறகு தேடிக்கொண்ட காரணங்களாகவும் இருக்கலாம். அப்போது என் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது.

"கட்டாயம் சரியாயிடும். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லன்னு போயி சொல்லு."

கைலாசத்தின் முகம் மலர்ந்தது. டாக்டரம்மா எதைப் பார்த்து ஏமாந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

லோகாம்பாள் அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தாள். ஒவ்வொரு நாளும், தென்னேரியிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டாள். கடைசி இரண்டு நாள் கேட்கவில்லை.

செய்தி போனதும் மங்கையர்க்கரசி வந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்த அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மாரடித்துக்கொள்ளவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. ஈரத் துண்டோடு நின்ற உமாபதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க மாமா?"

உமாபதி முதலில் இங்கிலீஷில் சொன்னார், டாக்டரம்மா சொன்னபடியே. பிறகு தமிழில் சொன்னார். "மாசம் தாண்டறது கஷ்டம், அவகிட்ட கட்டாயம் சொல்லிடுன்னாங்க." பத்து வருஷத்துக்கப்புறம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"தென்னேரி இன்னா சீமையிலயா இருக்குது?" என்றாள் மங்கையர்க்கரசி. "வாலாஜாபாத்துல பஸ்ஸு மாறினா ஒரு மணி நேரம். நான் ஓடியாந்திருக்க மாட்டேனா?"

அவள் சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினாள்.

"மருந்து ஜன்னல்ல இருந்தது நீங்கதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.