தேறமாட்டான் என்று எழுதினேன்

ஏழுமலை நல்ல ஆட்டக்காரன். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு சீசன் முழுவதும் அவன் ஆகாதவன் என்று பத்திரிகையில் எழுதினேன். அவனுக்கு நிரந்தரமாகியிருக்க வேண்டிய வேலை அதனால் போயிற்று.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதிலிருந்து ஆரம்பித்தால், எங்கேயோ என் பக்கமும் நியாயம் இருப்பதுபோல் உங்களுக்குத் தோன்றும்படி வார்த்தைகளை அடுக்கிவிடுவேன். அந்த வித்தை எனக்கு நன்றாகக் கைவரும்.

பகலில் நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. வாரம் ஒருமுறை, ‘கோல்கம்பம்’ என்ற புனைபெயரில் கால்பந்து பற்றிப் பத்தி எழுதுகிறவன். நீங்கள் ராயபுரத்துக்காரராக இருந்தால் என்னைப் படித்திருப்பீர்கள். படித்துவிட்டுச் சலூனில் சண்டையும் போட்டிருப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் மில், பட்டறை, துறைமுகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி உண்டு. லீக் ஆட்டங்கள் தொடங்குமுன், சித்திரை மாதத்தில், அணிக்காரர்கள் பேட்டை பேட்டையாக வந்து இளைஞர்களைப் பொறுக்கி எடுப்பார்கள். நல்ல காலுள்ளவனை யார் முதலில் கொத்திக்கொண்டு போவது என்று அவர்களுக்குள் போட்டியே நடக்கும். எடுத்தவனுக்குக் கம்பெனியில் தற்காலிகமாக ஒரு வேலை. சீசன் முடிந்ததும் அந்த வேலையை நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் போய்வா என்று சொல்லிவிடுவார்கள். வியாசர்பாடி லைன் வீட்டிலிருந்து வருகிறவனுக்கு அது வெறும் பந்தாட்டமா? சோறு!

அந்தச் சித்திரை மாதத்தில்தான் என் பத்திக்கு மவுசு அதிகம். எந்த அணி வெல்லும், புது முகங்களில் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று முன்கூட்டியே எழுதுவேன். இரண்டு வருடம் என் வாக்கு அப்படியே பலித்துவிட்டது. தலை கனத்துப்போயிற்று. தெருவில் போனால் நாலு பேர் கைகாட்டினார்கள். அது எத்தனை ருசியான விஷம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ!

அந்த வருடம் தண்டையார்ப்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையின் அணி வியாசர்பாடிப் பையன் ஏழுமலையை எடுத்திருந்தது. மைதானத்தின் இடக்கோடியில் ஓடும் லெஃப்ட் அவுட் இடத்துக்கு. அவனைப் பார்க்க ஒரு பயிற்சி ஆட்டத்துக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அதுவரை வெறுங்காலில் ஆடிய பையனுக்கு அன்றுதான் முதன்முதலாகப் பூட்ஸ் மாட்டியிருந்தார்கள். புதிதாக லாடம் கட்டிய மாடு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். இரண்டு முறை தானாகவே வழுக்கி விழுந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி ஆட்டத்திலேயே எழுந்து சோடா குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டாம் பாதியில் அவன் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினானாம். எதிரணியை அழ வைத்தானாம். நான் அப்போது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மனத்துக்குள் வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

“பட்டறை அணியின் புது வரவான ஏழுமலை கடற்கரை மணலுக்கு உகந்தவர். லீக் ஆட்டத்துக்குத் தேறமாட்டார்.” இதுதான் வந்த வரி. பாதி ஆட்டம் பார்த்து முழுத் தீர்ப்பு! ஆனாலும் இதுவரை நடந்தது தவறுதான், பாவம் அல்ல. தவறு யாருக்கும் நேரும். பாவம் பிறகுதான் வந்தது.

லீக் தொடங்கிய முதல் ஆட்டம். அதற்குள் அவன் பூட்ஸைப் பழக்கிக்கொண்டுவிட்டான். இடக்கோட்டை ஒட்டிப் பந்தை எடுத்துக்கொண்டு அவன் புறப்பட்டபோது கூட்டம் மூச்சு விட மறந்தது. என்னையறியாமல் நானும் எழுந்து நின்றேன். எழுந்த மறு நொடியே, யாராவது பார்த்தார்களா என்று பக்கத்தில் பார்த்தேன்.

அந்தக் கணத்தில்தான் நான் கெட்டேன். கண் முன்னால் ஒருவன் பறக்கிறான்… எனக்கோ என் வரி பொய்யாகிறதே என்ற கவலை!

அன்றிலிருந்து அவனைக் குறைசொல்லும் கலையில் தேர்ந்தேன். அவன் பந்தைப் பிறருக்குக் கொடுத்தால், கோல் அடிக்கத் துணிவில்லை என்று எழுதினேன். தானே அடித்தால், சுயநலக்காரன் என்று எழுதினேன். வேகமாக ஓடினால் நிதானம் போதாது. நிதானமாக ஆடினால் வேகம் போதாது. நடக்காத எதையும் நான் எழுதியதில்லை. விழுந்த கோலை விழவில்லை என்று சொன்னேனா? இல்லை. அதனால் பொய் எழுதவில்லை என்றே என்னை நம்பவைத்துக்கொண்டேன். என்ன சாமர்த்தியம்!

ஊர் என்னை முழுவதும் நம்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். கல்மண்டபத்துச் சலூன்காரர் முகத்தில் சோப்பைப் பூசிவிட்டு, நான் வாய் திறக்க முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்பார்.

“இன்னா வாத்யாரே, ஏழுமல நேத்து ஷோக்கா ஆடுனானாமே! உன் கண்ணுக்கு மட்டும் அவன் தெரியவே மாட்டேன்றானே, கண்ணாடி கிண்ணாடி போடணுமா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைத் திருத்தியிருக்க வேண்டும். மாறாக, என் பிடிவாதத்துக்கு உரம் போட்டது. அடுத்த வாரம் இன்னும் கடுமையாக எழுதினேன். சலூனில் என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு வியாசர்பாடியில் ஒருவன் பலன் அனுபவித்தான்.

பிறகு அந்த மழை ஆட்டம் வந்தது. ஆடி மாதத்து மாலை. மைதானம் சேறாகிவிட்டது. எல்லோரும் தடுமாறிக்கொண்டிருக்க, இவன் ஒருவன் மட்டும் தன் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் நடந்தான். நான்கு பேரைத் தாண்டிக்கொண்டு போய், கோல்கீப்பரையும் தாண்டி, பந்தை மெல்ல உள்ளே தள்ளினான். அடிக்கக்கூட இல்லை… தள்ளினான்! என் வாழ்நாளில் அப்படியொரு கோலை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றேன். கண் கலங்கியது.

ஆட்டம் முடிந்ததும் பட்டறை அணியின் மேனேஜர் கன்னியப்பன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பட்டறையில் போர்மேனாக இருந்தவர். தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே பேசினார்.

“வாத்யாரே, எங்க தொர உன் பேப்பர கிளார்க்க வுட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினுகீறாரு. பேப்பர்ல மட்டமா போட்டுக்கீற ஆளுக்கு நான் இன்னாத்துக்கு வேல குடுக்கணும்னு என்னையே கேக்குறாரு. இன்னிக்கி ஆட்டத்த நீயே பாத்தே. நல்லதா ஒரு வரி போட்டுடு. ஒரே வரி. வேல பர்மனெண்டு ஆயிடும். அம்மா, ரெண்டு தங்கச்சி… அல்லாம் அவன நம்பித்தான் கீதுங்கோ.”

“பார்க்கலாம்” என்றேன்.

எதைப் பார்க்க? எல்லாவற்றையும் அப்போதுதானே பார்த்துவிட்டு நிற்கிறேன்!

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். “என் கணிப்பைப் பொய்யாக்கிவிட்டார் ஏழுமலை” என்று எழுதினேன். நல்ல வரி. உண்மையான வரி. எழுதியதும் சலூன் கண்ணாடிக்கு முன்னால் அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன். “சேற்றின் உதவியால் ஏழுமலைக்கு ஒரு கோல் கிடைத்தது” என்று மாற்றி எழுதினேன்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்மேல் அருவருப்பு வருகிறதா? வரட்டும்.

சீசன் முடிந்ததும் ஏழுமலையைப் பட்டறையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கன்னியப்பன் அதன்பின் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். வழியில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். அடுத்த சித்திரையில் வேறு எந்தக் கம்பெனியும் ஏழுமலையை எடுக்கவில்லை. தேறமாட்டான் என்று பெயர் வாங்கியவனை யார் எடுப்பார்கள்?

அவனை நான் மறுபடி பார்த்தது சில வருடங்கள் கழித்து. ஆபீஸ் காரியமாகத் திருவொற்றியூருக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போக மனமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் உப்பு மூட்டை ஏற்றிய ஒரு கைவண்டி நின்றது. அதை இழுத்துவந்தவன் என்னை உற்றுப் பார்த்தான்.

“சார்… நீங்க கோல்கம்பம் சார்தானே? நான் ஏழுமல சார். பட்டற டீம்ல லெஃப்ட் அவுட்டு.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்… அடித்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அவன் சந்தோஷமாகச் சிரித்தான்.

“ஊர்ல கீற தோஸ்துங்க அல்லாம், நீ ஷோக்கா ஆடுனடா, அநியாயமா வேலய வுட்டுத் தூக்கிட்டானுங்கடான்னு இன்னும் சொல்லிக்கினே கீறானுங்க சார். அவனுங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க ஆட்டம் தெரிஞ்சவரு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கீது. அந்த மழ மாட்ச்சு… நெஜத்த சொல்லுங்க சார். நான் நல்லா ஆடுனனா?”

கூட்ஸ் வண்டியின் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் முகத்தை அவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு கேட்டான். வேர்வை மூக்கு நுனியில் நின்றது. என் பதிலுக்காக அதைத் துடைக்கக்கூட மறந்து நின்றான்.

ஒரே ஒரு சொல். ‘ஆமாம்.’ அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். பின் ஏன் சார் அப்படி எழுதினீர்கள் என்று கேட்பான். கேட்டில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

“சுமார்தான், ஏழுமலை” என்றேன்.

அவன் இப்போதுதான் வேர்வையைத் துடைத்தான். பிறகு நீளமாக மூச்சு விட்டான்.

“அதான சார்! நல்லா ஆடியும் வேல பூடுச்சேன்னு உள்ளுக்குள்ள ஒரு பேஜாரு இருந்துகினே இருந்துச்சு. ராத்திரில தூக்கமே புடிக்காது. நாம நல்லா ஆடல, அதனால வேல பூடுச்சு. அவ்ளோதான? இப்ப மனசு லேசாயிட்சு சார்.”

கேட் திறந்தது. பின்னாலிருந்த வண்டிக்காரர்கள் கத்தினார்கள். அவன் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போனான்.

அவன் ஆறுதலுக்காகத்தானே அந்தப் பொய்யைச் சொன்னீர்கள் என்று தயவுசெய்து நீங்கள் எனக்குப் பரிந்து பேச வராதீர்கள். வாயைத் திறந்தபோது அவன் ஆறுதல் அடைவான் என்று எனக்குத் தெரியாது. அவன் நெஞ்சு வெடித்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். அவனுக்கு லேசானதற்குக் காரணம் அவனுடைய நல்ல மனம். என் கருணை அல்ல.

வியாசர்பாடியில் அவன் வீடு எங்கே என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் போய்வரக்கூடிய தூரம்தான். போய், ஏழுமலை, உன்னைப்போல் ஆடியவனை நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், தான் இழந்தது எவ்வளவு என்று அவனுக்குத் தெரிந்துபோகும். மறுபடியும் தூக்கம் போகும். அதனால் போகாமல் இருக்கிறேன்.

போகாமல் இருப்பதற்கு இது நல்ல காரணம்தான். எனக்கு எப்போதுமே நல்ல காரணங்கள் கிடைத்துவிடுகின்றன.