சம்பந்தி வீட்டுக்கு நோன்புத் தண்ணீர்

கல்தூம் அக்கா எங்கள் மாடிக்குக் குடிவந்த அன்றே என்னோடு சண்டை பிடித்தார். என் தையல் மிஷின் பொதுச்சுவரை ஒட்டி இருந்தது. அதன் சத்தம் தன் தலையணைக்குள் கேட்கிறது என்றார். நான் முணுமுணுத்துக்கொண்டே மிஷினை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன். மறுநாள் காலை ஒரு கிண்ணத்தில் காய்ந்த வெண்டைக்காய்ப் பொடி போட்ட குழம்பைக் கொண்டுவந்து நீட்டினார். "நேத்து நான் சொன்னது நியாயந்தான். சொன்ன விதம்தான் கொஞ்சம் சரியில்ல. சாப்பிடு" என்றார். தன் பக்கம் தவறு என்று அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த அளவுக்குத்தான்.

அக்கா சூடானில் வத் மதனி என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் துணி அறைக்கு இருபத்தேழு வருடம் பொறுப்பாக இருந்தவர். டாக்டர்களே அவரிடம் கேட்டுத்தான் ஒரு போர்வையை எடுக்க முடியுமாம். கணவர் போய்ப் பல வருடமாகிவிட்டது. போர் மதனிக்குள் நுழைந்தபோது மகள் ரிஹாபை இழுத்துக்கொண்டு கெய்ரோவுக்கு வந்து, அர்த் லிவா பேட்டையில் இந்த நாலாம் மாடியில் ஏறி உட்கார்ந்தார். நானும் சூடான்காரிதான், ஆனால் அதற்கு வெகு முன்பே வந்தவள். சூடான் கல்யாணப் பெண்களுக்குத் துணி தைத்தே பதினெட்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். எங்கள் தெருவில் வாய்க்குக் குறை கிடையாது. நம் ஊர்ச் சோள ரொட்டி, நிலக்கடலை விழுது, காய்ந்த வெண்டைக்காய் எல்லாம் கடைவாசலில் தொங்கும். எல்லாமே பாக்கெட்டில் வரும், அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக அப்போது தெரியாது.

ரிஹாபுக்கு இங்கேயே கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா பத்ரிய்யா, சூடானின் பெரிய நகரமான ஓம்துர்மான்காரர். ஓம்துர்மான்காரர்களுக்கு மற்ற ஊர்களெல்லாம் பஸ் நின்று கிளம்பும் இடம், அவ்வளவுதான். கல்யாணத்தன்று நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்க, அவர் கல்தூம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சம்பந்தி, நோன்பு வருது, நோன்புத் தண்ணி அனுப்பணும்னு நீங்க அலையாதீங்க. உங்க நிலைமை எங்களுக்குத் தெரியாதா? கடைப் பாக்கெட் போதும். நாங்களே வாங்கிக்குவோம்."

நல்ல வார்த்தைதான். ஆனால் நாற்பது பேர் காதிலும் அது விழுந்துவிட்டது. பெண்ணுக்குக் கல்யாணமான பிறகு வரும் முதல் நோன்பு மாதத்துக்கு முன்னால், அவள் அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குச் சீர் போக வேண்டும். பேருக்குத்தான் தண்ணீர், போவது மூட்டை மூட்டையாகப் போகும். அதில் தலையானது ஹிலு மூர். முளைகட்டிய சோளத்தை அரைத்து, மசாலா சேர்த்துப் புளிக்கவைத்து, மெல்லிய ஏடுகளாகச் சுட்டு வைத்துக்கொள்வோம். நோன்பு திறக்கும் வேளைக்கு அந்த ஏட்டைத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை போட்டுக் குடிப்போம். அது போகாத வீட்டுப் பெண்ணை மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார். மாமியாரைப் பார்க்க வருகிற பெண்கள் சொல்வார்கள், வருடக்கணக்காக.

"போதுமாம். கேட்டியாடி விதாத், பாக்கெட் போதுமாம்" என்றார் அக்கா, வீட்டுக்குத் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல். "என் பொண்ணு அந்த வீட்டுல தலையைக் குனிஞ்சுக்கிட்டா நிக்கணும்?"

"நானும் பதினெட்டு வருஷமா பாக்கெட்டைத்தான் கரைச்சுக் குடிக்கிறேன்க்கா. நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"உன்னைப் பார்த்தாலே தெரியுது."

வேண்டுமானால் பாக்கெட்டைப் பிரித்து நல்ல டின்னில் அடுக்கி அனுப்பலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் யோசனை சொன்னேன். அதற்கு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நோன்புக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது வேலையைத் தொடங்கினார். கடைகளில் மாவு கிடைக்கும், முளைக்கிற முழுச்சோளம் கிடைக்காது. கெய்ரோவில் சோளம் தின்பது புறாக்கள். ஆகவே புறாத்தீனி விற்கும் கடைக்குப் போனோம். இருபது கிலோ மூட்டையைக் கேட்டதும் கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"எத்தனை புறா வளர்க்கறீங்கம்மா?"

"தெரு முழுக்க வளர்க்கிறோம். எல்லாம் பெரிய வாய்" என்றார் அக்கா.

சோளத்தை ஊறவைத்து, ஈரச் சாக்கின் மேல் பரப்பி, இன்னொரு சாக்கால் மூடி, படுக்கையறையின் இருட்டு மூலையில் வைத்தார். மதனியில் அப்படித்தான் வைப்பார்களாம். கட்டிலை அதற்காகக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாயிற்று. மூன்றாம் நாள் சாக்கை விலக்கிப் பார்த்தால் ஒரு முளைகூட எட்டிப்பார்க்கவில்லை. ஊறின சோளம் ஊறினபடியே கிடந்து புளித்த நாற்றம் அடித்தது. அக்கா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே புறாத்தீனிக் கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன், கடைக்காரருக்குத் துணையாக.

"உன் சோளம் செத்த சோளம்."

"அம்மா, என் சோளத்தைத் தின்னுட்டு ஒரு புறாகூட வந்து குறை சொன்னதில்லை."

"முளைக்கலையே!"

"புறா வயித்துல எதுக்கும்மா முளைக்கணும்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா பத்து அடி முன்னாலேயே நடந்தார். மாடிப்படியில் நான்தான் மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, இது பிப்ரவரி. நம்ம ஊர்ல பிப்ரவரின்னா விசிறி போட்டுக்கிட்டுப் படுப்போம். இங்க நானே ரெண்டு கம்பளி போர்த்துக்கிட்டும் முளைக்கலை. சோளம் எப்படி முளைக்கும்?"

அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதை மூணு நாள் முன்னாடி சொல்றதுக்கு என்ன?"

"நீங்க என்னைப் பேச விடலையே."

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ரொட்டி சுடும் அடுப்பு இருக்கிறது. அதை நடத்துபவர் ஷெஹாதா. நல்ல மனிதர், காது மட்டும் அரைக்காது. அக்கா அவர் முன்னால் போய் நின்று, உங்கள் அடுப்புக்குப் பின்சுவர் ஓரம் எனக்கு நாலு நாளைக்கு வேண்டும் என்றார், ஆஸ்பத்திரியில் வார்டு ஒதுக்கும் தோரணையில்.

"யாரு படுக்கப் போறாங்க ஹாஜ்ஜா?" என்றார் ஷெஹாதா.

"சோளம்."

"சோளத்துக்கா குளிருது?"

"உங்க ஊருக்கு வந்த எல்லாருக்கும் குளிருது."

அவர் மாவு மூட்டைகளை நகர்த்தி இடம் விட்டார். காலையும் மாலையும் அக்கா கீழே இறங்கித் தண்ணீர் தெளித்தார். ரொட்டி வாங்க வருகிறவர்களெல்லாம் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் காலை ஷெஹாதாவே படிக்கட்டின் அடியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "ஹாஜ்ஜா, உங்க பிள்ளைங்க எழுந்திருச்சுட்டாங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தோம். வெள்ளை வேர்கள் பின்னிப்பிணைந்து, பாய் மாதிரி ஒரே தகடாகத் தூக்க வந்தது. அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "சோளத்துல குறையில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் மொட்டை மாடியில் காயவைத்தோம், மாவரைத்தோம். கூழாகக் காய்ச்சி, சுக்கு, பட்டை, சீரகம், கருஞ்சீரகம், ஊறிய பேரீச்சம்பழம், புளி எல்லாம் கலந்து பீப்பாயில் புளிக்கவிட்டோம். சுடும் நாள் வந்தது. அன்று அக்கா செய்த முதல் காரியம், எல்லா ஜன்னல்களையும் அடைத்து இடுக்குகளில் ஈரத்துண்டைத் திணித்தது. சம்பந்தி வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஹிலு மூர் கல்லில் விழுந்தால் வாசனை அரைமைல் போகும். சீர் வாசலுக்கு வரும்வரை மாமியாருக்குத் தெரியக்கூடாது என்பது வழக்கம். கல்தூம் அக்காவுக்கு அது வழக்கத்துக்கும் மேல். தன்னால் முடியாது என்று நினைத்த பத்ரிய்யாவின் வாசலில் குலவைச் சத்தத்தோடு திடீரென்று போய் நிற்க வேண்டும். ஒரு மாதமாக அவர் அதற்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இரும்புக்கல் காய்ந்தது. ஒரு கரண்டி மாவை ஊற்றிப் பனையோலைத் துண்டால் ஒரே இழுப்பில் இழுத்தார். முதல் ஏடு வேகும்போதே அந்த வாசனை எழுந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை; கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். பதினெட்டு வருடமாகப் பாக்கெட்டில் இருந்த சரக்கில் இது இல்லை. இது எங்கள் ஊர்த் தெருவில், என் அம்மாவின் கொல்லையில் இருந்தது. அக்கா திரும்பிப் பார்க்காமலே, "புகைதான். அந்தப் பக்கமாத் தள்ளி உட்காரு" என்றார்.

அரைமணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார ஹாஜி பயூமி. மேல்மாடிக்காரர்கள் ஏதோ தீய்கிறது என்று போன் செய்தார்களாம்.

"என்னம்மா இது? மருந்து காய்ச்சறீங்களா? ஜன்னலை வேற அடைச்சு வச்சிருக்கீங்க. மூச்சு முட்டிச் செத்தா என் தலையிலதான் விழும்."

அக்கா சூடான ஒரு ஏட்டைக் கிள்ளி அவர் கையில் வைத்தார். பயூமி மென்றார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"புளிக்குது. கசக்குது. எரியுது. இதையா பதினைஞ்சு நாளா செய்யறீங்க?"

"குடிச்சாத்தான் தெரியும்."

"சரி, செய்யுங்க. ஆனா ஜன்னல் திறந்திருக்கணும்" என்று சொல்லி, அவரே ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுப் போனார். அடைக்க அக்கா எழுந்தார். அதற்குள் கல்லில் ஏடு கருகத் தொடங்க, உட்கார்ந்துவிட்டார். "காத்து அந்தப் பக்கம் அடிக்கலை" என்றார். அந்தப் பக்கம்தான் அடித்தது.

எங்கள் ஊரில் ஹிலு மூர் சுடும் வீட்டுக்கு யாரும் அழைப்பு வைப்பதில்லை. வாசனை வந்தால் வந்துவிட வேண்டும். வந்தால் கல்லருகே ஒரு கை கொடுக்க வேண்டும். கெய்ரோவில் அதெல்லாம் மறந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். பத்து மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். பத்தரைக்கு ஏழு பேர். ஒருத்தி சொந்த இரும்புக்கல்லைத் தலையில் சுமந்து நாலு மாடி ஏறியிருந்தாள். பாதிப் பேரின் பெயரே எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. இஞ்சி தட்டிப்போட்ட காப்பி ஒரு பக்கம் ஓடியது.

பதினொன்றே காலுக்குப் படிக்கட்டில் பெருமூச்சுச் சத்தம் கேட்டது. வாசலில் பத்ரிய்யா நின்றார், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு. அவர் முழங்கால் தேய்ந்தவர், மகனுக்குப் பெண் பார்க்கக்கூட இந்த மாடி ஏறாதவர். பின்னால் ரிஹாப், முகம் வெளுத்து, நான் எதுவும் சொல்லவில்லை என்று கண்ணாலேயே அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். கல்தூம் அக்கா ஓலைத்துண்டும் கரி அப்பிய முகமுமாக அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்து ஆசை வாசலிலேயே உடைந்து போனதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். எனக்கு பத்ரிய்யா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

"வரக்கூடாதுன்னு தெரியும், சம்பந்தி" என்றார் பத்ரிய்யா, மூச்சு வாங்கிக்கொண்டு. "பத்து மணிக்கே வாசனை வந்துடுச்சு. யார் வீடுன்னும் தெரிஞ்சுபோச்சு. ஒரு மணி நேரம் ஜன்னலைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முடியல." முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "பாக்கெட் போதும்னு சொன்னது உங்களுக்காக இல்ல. இனிமே இதெல்லாம் நமக்கு இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன்."

 அக்கா உடம்பைச் சுற்றிய தோபின் நுனியால் முகத்தைத் துடைத்து, கரியை இன்னும் பரப்பிக்கொண்டார். பிறகு தன் பக்கத்தில் இருந்த முக்காலியைக் காலால் தள்ளினார்.

"முட்டி வலிக்கும். உட்காருங்க. வந்தவங்க சும்மா உட்காரக்கூடாது."

பத்ரிய்யா உட்கார்ந்து, ஓலைத்துண்டைக் கேட்டு வாங்கினார். அன்று மாலை வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி வார்த்தார்கள். உன் ஏடு கனம், உன் ஏடு ஓட்டை என்று ஒருவரையொருவர் குத்திக்கொண்டதைத் தவிர வேறெதுவும் பேசியதாக நினைவில்லை. கிளம்பும்போது பத்ரிய்யா வாசலில் நின்று, "வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க. என் நாத்தனாருங்களை எல்லாம் கூப்பிட்டு வைக்கிறேன். எனக்கு எதுவும் தெரியாது" என்றார்.

வியாழக்கிழமை போனோம். முன்னால் டின்கள், பின்னால் நாங்கள் பதினோரு பேர், தெரு திரும்பியதிலிருந்து குலவை. ஷெஹாதா தன் அரைக்காதுக்கே அது கேட்டது என்று பிற்பாடு சொன்னார். பத்ரிய்யா வாசலில் மார்பில் கைவைத்து, அதிர்ச்சியில் ஒரு அடி பின்வாங்கினார். அப்படியொரு நடிப்பை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை. நாத்தனார்கள் சூழ்ந்து நிற்க, டின்னைத் திறந்து ஒரு ஏட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "கொஞ்சம் கனம்."

"ஆமா சம்பந்தி" என்றார் அக்கா. "ஒத்தாசைக்கு வந்தவங்க கை கொஞ்சம் கனம்."

ரிஹாப் சமையலறைக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் நோன்பன்று, திறந்து முடித்த கையோடு ரிஹாப் போன் செய்தாள். அக்கா எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, அத்தை எங்களுக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ்தான் குடுத்தாங்க. டின்னையெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. சாவி இடுப்புல."

"அப்போ வர்றவங்களுக்கு?" என்றார் அக்கா.

"கடைப் பாக்கெட் வாங்கி வச்சிருக்காங்கம்மா. விருந்தாளிக்கு அது போதுமாம்."

கல்தூம் அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஹிலு மூர் ஜாடியிலிருந்து தன் கிளாஸை இன்னொரு முறை நிரப்பிக்கொண்டார். கேட்காமலே என்னுடையதையும் நிரப்பினார்.