கேட்டுக்கு வெளிய ஒரு எலுமிச்சம்பழம்

கொச்சி ஸ்டேடியத்துல இந்தியா ஃபுட்பால் ஆடுச்சு. விழுந்தது ஒரே ஒரு கோல். அது விழுகறப்ப நான் கேட்டுக்கு வெளிய நின்னு ஒரு எலுமிச்சம்பழத்துக்காக சண்ட போட்டுட்டு இருந்தேன்.

இன்டர்நேஷனல் மேட்ச்சுன்னா எப்பவும் வடக்க எங்காச்சும்தான் வெப்பாங்க. அபூர்வமா கொச்சிக்கு ஒன்னு குடுத்தா தெக்க இருக்கற மொத்த சனமும் கெளம்பீரும். காலேஜ் ஹாஸ்டல்ல நெட்டு கெடைக்காம சுத்திக்கிட்டே நிக்கற போன்லயே பாத்துப் பாத்து எனக்கு வெறுத்துப் போச்சு. இந்தியா கோல் போடறத ஒருக்காவாச்சும் நேர்ல பாத்தரோணும், அவ்ளோதான்.

நாமக்கல்லுல இருந்து கார் ஓட்டிட்டு வந்தது எங்க மாமா. அம்மாவோட தம்பி, லாரி வெச்சிருக்காரு. நாலு டயருக்கும் பழம் வெச்சு நசுக்காம வண்டி எடுக்க மாட்டாரு. அதுவும் ராகுகாலம் முடியட்டும்னு உக்காந்துட்டாரு. கேட்டுக்குப் போனப்பவே மேட்ச் ஆரம்பிச்சு அர மணி நேரம் ஆச்சு.

செக்கிங்ல அவரு சட்டப்பையில இருந்து அஞ்சாவது பழம் வருது, குங்குமத்தோட.

"சேட்டா, இது அலவ் இல்லா. எறிஞ்சா ஆள் மேல படும். அந்த டப்பால போட்டுட்டுப் போங்க"ன்னாரு செக்யூரிட்டி.

"ஏனுங்க, கோயில்ல பூச பண்ணுன பழத்தக் குப்பையில போடறதுங்களா? இந்தியா செயிக்கோணும்னு வேண்டிட்டு வந்துருக்கறனுங்க!"

"மாமா, போட்டுட்டு வாங்க மாமா."

"அது ஆவாது மாப்ள."

"அப்ப கார்ல வெச்சுட்டு வாங்க."

"கார் எங்க நிக்குதுன்னு பாத்தியா? போயிட்டு வந்தா மேட்ச்சே முடிஞ்சிரும்."

தனியா உள்ள போலாம்னா, ரெண்டு டிக்கெட்டுக்கும் போன்ல ஒரே க்யூஆர் கோடு. ரெண்டு பேரும் சேந்துதான் போகோணும்னு சொல்லீட்டாங்க. கீழ வைங்கன்னேன், மிதிபடுமாம். போலீஸ்காரர்கிட்ட நீட்டுனாரு, அந்தாளு நாலடி பின்னாடி போயிட்டாரு. அவருக்குச் செய்வின பயம் போல.

அப்பத்தான் ஸ்டேடியமே வெடிச்ச மாதிரி ஒரு கத்து. நிக்கற தரையே அதிருது. செக்யூரிட்டியே எங்கள உட்டுட்டு அக்கட்டால திரும்பிக் குதிக்கறாரு.

"கோலு!" மாமா என்னயக் கட்டிப் புடிச்சுட்டாரு. "பாத்தியா மாப்ள, பழம் வேல செய்யுது!"

"எங்கீங்க மாமா பாக்கறது? செவுத்தையா?"

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பழத்தப் புடுங்கிட்டுப் போயி ரோட்டோரத்து சர்பத்துக்காரர்கிட்ட குடுத்தேன். "அண்ணா, இதப் புழிஞ்சு ரெண்டு கிளாஸ் போடுங்க."

மாமா பதறிட்டு ஓடியாறாரு. "டேய், பூச பண்ணுன பழம்டா!"

"பிரசாதந்தானுங்க? திங்கத்தான குடுக்கறாங்க? குடிங்க."

ரோசன பண்ணுனாரு. அப்பறம் பழத்தத் திருப்பி வாங்கி, குங்குமத்த வேட்டியில தொடச்சு, கண்ணுல ஒத்திட்டு அவரே அறுக்கக் குடுத்தாரு. ஒரே மடக்குல குடிச்சுட்டு ஓடுனோம்.

உள்ள போனா எல்லாரும் எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு இருக்கறாங்க. இடைவேள.

மிச்சப் பாதியில ஒரு மண்ணும் நடக்கல. பந்து மேல போச்சு, கீழ வந்துச்சு. முன்னாடி சீட்டுக்காரன் அந்தக் கோல திருப்பித் திருப்பி நடிச்சுக் காட்டிட்டு இருந்தான், பல்லக் கடிச்சுட்டு உக்காந்துருந்தேன். அதே ஒண்ணுக்கு சைபர்ல முடிஞ்சுது.

திரும்பி வாரப்ப பாலக்காடு தாண்டுனதும் மாமாதான் மெதுவா ஆரம்பிச்சாரு.

"மாப்ள, அடுத்த மேட்ச்சுக்கு ரெண்டாக் கொண்டாந்துரலாமா? ஆளுக்கு ஒன்னு."