ஞாயிறு மூன்று மணிக்கு ஊ பா தின்

பர்மாவில், பசுந்தாங்கில் எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு பேக்கரி திறந்திருக்கிறார்கள். மின்சார அடுப்பில் வெந்த ரவை கேக், கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கிறது. அடியில் கருகாத ரவை கேக்கை நான் நம்புவதில்லை. எதை நம்பினேன் என்று கேட்டுவிடாதீர்கள். துறைமுக அலுவலகத்தில் விதிமுறைப் பிரிவிலேயே காலம் தள்ளியவன்.

என் மனைவி கமலா ஞாயிறுதோறும் கரியடுப்பில்தான் சுடுவாள். ரவை, தேங்காய்ப்பால், மேலே கசகசா. சட்டிக்கு அடியில் கொஞ்சம் தணல், மூடித் தகரத்தின் மேல் நிறையத் தணல். மணம் மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போகும். தெருவிலிருந்து சில நாள் ஊ பா தின் ஏறி வருவார். வார்டு அலுவலகத்துக்காரர். எந்த வீட்டில் விருந்தாளி தங்கினாலும் அன்றே அவரிடம் பதிய வேண்டும்.

எண்பத்தெட்டில் மாணவர் கிளர்ச்சியை ராணுவம் நசுக்கியதற்கு அடுத்த வருடம், பதியாத விருந்தாளி ஒருவன் எங்கள் வீட்டில் இருந்தான். கமலாவின் தம்பி சேகர். மாணவர் ஊர்வலங்களில் முன்வரிசையில் நடந்தவன். அகப்பட்டால் அவனுக்குச் சிறை, எங்களுக்கும் அதுவே. விதி எனக்கு மனப்பாடம். அதனால்தான் தூக்கமில்லை.

"கேக்கை நிறுத்து" என்றேன்.

"நிறுத்தினா, ஏன் நிறுத்தினீங்கன்னு தெருவே விசாரிக்குங்க."

ஒரு ஞாயிறு மூன்று மணிக்கு மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம். சேகர் குளியலறைக்குள் ஓடினான். அவன் கோப்பை மேசையிலேயே தங்கிவிட்டது. ஊ பா தின் பர்மிய மொழியில் கேட்டார்: "ரெண்டு பேருக்கு மூணு கோப்பையா?"

"நீங்க வருவீங்கன்னு தெரியாதா ஊலே? உக்காருங்க, ஆறிடும்." ஊலே என்றால் மாமா.

சேகர் ஒரு வாய் குடித்திருந்த தேநீரை அவர் முழுக்கக் குடித்தார். பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

"என் பங்கை அரசாங்கம் சாப்பிடுது அத்தான்" என்பான் சேகர், குளியலறையிலிருந்து வெளியே வந்து.

ஒருநாள் மீசையில் ஒட்டிய கசகசாவைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் இந்தக் கட்டடத்துல சோதனை. வீட்டை ஒழுங்கா வெச்சுக்குங்க அம்மா."

சோதனையை முன்கூட்டிச் சொல்ல எந்த விதியிலும் இடமில்லை. "பொறி வைக்கிறான். வெளியே வந்ததும் பிடிப்பான்" என்றேன், அவர் படியிறங்கியதும்.

"நீங்க விதியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருங்க. என் தம்பி இங்க இருக்கமாட்டான்."

மறுநாள் காலை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவனைப் போலக் கேக் பொட்டலத்தோடு சேகர் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போகும் படகில் ஏறினான். சாயங்காலம் சோதனை வரத்தான் செய்தது. கட்டிலுக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்தார்கள். ஊ பா தின் எங்களை அறியாதவர் போல வாசலில் நின்றார். அதன்பின் ஒரு ஞாயிறும் அவர் வரவில்லை. காப்பாற்றியவர் ஏன் வராமலிருக்க வேண்டும்?

சேகரிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. எல்லை தாண்டிவிட்டான் என்று கமலா, அக்கரையிலேயே அவனைப் பிடிக்க ஆள் நின்றிருப்பான் என்று நான். அவள் இருந்தவரை இந்த வழக்கு ஓடியது. இப்போது அவளும் இல்லை, ஊ பா தின்னும் இல்லை.

காணாமல்போனவனைத் தேடச் சொல்லி மனுக் கொடுக்கும் முறையும் எனக்குத் தெரியும். ஆனால் முதல் கேள்வியே, கடைசியாக எங்கே தங்கினான் என்பது. எங்கள் வீட்டில் அவன் தங்கியதாகப் பதிவில்லை. வராத ஒருவன் விதிப்படி இங்கிருந்து காணாமல்போக முடியாது.