மடிக்கு ஆடிய ரம்மி

எனக்குக் காது குத்தியது ஏழாவது வயதில். எங்கள் பக்கம் அது ரொம்பத் தாமதம். வகுப்பில் எல்லாப் பெண்களும் கம்மல் ஆட்டிக்கொண்டு வர, நான் மட்டும் மூளிக் காதோடு திரிந்தேன். என் காதில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் என் தாய்மாமன்களிடம்தான்.

பந்தல்குடியில் ஒரே கிணற்றில் பங்குள்ள பெரிய மாமாவும் சின்ன மாமாவும் மோட்டார் போடுகிற முறைக்காகச் சண்டை போட்டு, மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதில் என்னை யார் மடியில் உட்காரவைப்பது? மூத்தவன் நான் இருக்கும்போது இளையவன் மடியா என்றார் பெரியவர். இவள் அண்ணனுக்குத்தான் அவர் மடி கொடுத்தாயிற்றே, இது என் முறை என்றார் சின்னவர். பெரிய மாமாவுக்கு மூன்று பிள்ளைகள். சின்ன மாமாவுக்குப் பிள்ளை இல்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

ஒருவழியாக அப்பா தேதி குறித்து எல்லோரையும் குட்டியானை வண்டியில் ஏற்றி, திருச்சுழி தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் இருக்கும் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார். எனக்கு மொட்டை போட்டு, கிடா வெட்டி, சட்டி அடுப்பில் ஏறியது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, "யாரு மடிங்க?" என்றார். மாமன்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்காரப் போனார்கள்.

கறி வேகும் நேரத்தில் ஆம்பளைகள் துண்டை விரித்துச் சீட்டாடுவது எங்கள் வழக்கம். அதற்கென்று கொண்டுவந்திருந்த சீட்டுக்கட்டை அப்பா அவர்கள் நடுவில் போட்டார்.

"மூணு ஆட்டம் ரம்மி. ரெண்டு ஜெயிக்கிறவுக மடி. அப்புறம் ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது, ஆமா."

ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவதில் நான் சின்ன மாமாவின் முதுகில் சாய்ந்துகொண்டு அவர் சீட்டைப் பார்த்தேன். இஸ்பேடு எட்டு ஒன்று வந்தால் போதும், மடி அவருடையது. சின்ன அத்தை அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றாள். எட்டு வரவில்லை. பெரிய மாமா ரம்மி சேர்த்துக் கீழே வைத்துவிட்டார்.

நான் சீட்டில் தோற்றால் சீட்டைக் கிழிப்பேன், உருண்டு அழுவேன், ஜெயித்தவளைக் கடித்தும் இருக்கிறேன். எனவே பெரிய ஆள் தோற்றால் என்ன செய்வார் என்று பார்க்க எனக்கு அப்படி ஓர் ஆசை! சின்ன மாமா சீட்டுகளைப் பொறுக்கி, தட்டி நேராக்கி, அப்பாவிடம் கொடுத்தார். "நல்ல ஆட்டம்" என்றார். எழுந்து போனார். அழத்தான் போகிறார் என்று நானும் பின்னாலேயே போனேன். அடிபம்பில் முகம் கழுவினார். சமையல்காரருக்கு ஒரு குடம் தண்ணீர் அடித்துக் கொடுத்தார். கொழம்பைத் தொட்டு நக்கிப் பார்த்து, "உப்பு பத்தலப்பா" என்றார். அழவே இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பிறகு தன் மஞ்சப்பையிலிருந்து ஒரு புதுப் பட்டு வேட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய மாமாவிடம் போனார். எனக்கு மடி கொடுப்பதற்கென்றே அவர் எடுத்து வைத்திருந்த வேட்டி அது. சின்ன அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணே, இதக் கட்டிக்கிருங்க. ஒங்க வேட்டி பூரா கிடா ரத்தமா இருக்கு. போட்டோவுல நல்லா இருக்காது."

மூன்று வருஷத்தில் முதல் 'அண்ணே'. பெரிய மாமா வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு என்னை மடியில் வைத்துக்கொண்டார். சின்ன மாமா என் எதிரில் குத்தவைத்து, ஆடாமல் இருக்க என் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி வலது காதில் குத்தினார். ஐயோ, என்ன வலி! பெரிய மாமாவின் தொடையில் என் பலத்தையெல்லாம் கூட்டி ஒரு கிள்ளு கிள்ளினேன்.

நிமிர்ந்து பார்த்தால் பெரிய மாமா அழுதுகொண்டிருந்தார். ஜெயித்தவர்! அதுவும் சத்தம் போட்டு, தோள் குலுங்க. சின்ன மாமா தன் துண்டை நீட்டி, "என்னண்ணே, பிள்ளையே அழுகல" என்றார்.

"ஏலே, பேசாம இங்க வந்து உக்காரு" என்றார் பெரிய மாமா. "இன்னொரு காது இருக்குல்ல."

என்னைத் தூக்கிச் சின்ன மாமாவின் மடியில் வைத்துவிட்டார். அம்மாவும் மூக்கை உறிஞ்சினாள், சின்ன அத்தை ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். இத்தனை பேர் எதற்காக அழுகிறார்கள் என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்தேன். என் கிள்ளு தாங்காமல்தான் பெரிய மாமா என்னை இறக்கிவிட்டார். சின்ன மாமாவும் இறக்கிவிட்டுவிடக் கூடாதே என்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இடது காதைக் காட்டினேன்.