மழைக்குப் போர்த்திய சாக்கு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப்போனது ஒன்று, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியவள். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் நானேதான் எழுதுவேன்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஐப்பசி மழைக்கு அங்கே யாரும் குடை பிடித்ததில்லை. சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொள்வோம். கொங்காணி என்று பெயர். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் எலி கடித்தவை. எனக்கு எட்டு வயதான வருடம் நெல்லுக்குத் தூவ அப்பா பூச்சிமருந்துப் பொடி வாங்கினார். பொடி தீர்ந்ததும் மிஞ்சிய சாக்கு புத்தம் புதிது. அம்மா அதைத் தென்னை மரத்தில் அடித்து உதறி எனக்கென்று கொடுத்தாள். தெருவிலேயே ஓட்டையில்லாத கொங்காணி என்னுடையதுதான். மழை விட்ட பிறகும் கழற்ற மாட்டேன்.

முதலில் கண் எரிந்தது, தொண்டை அரித்தது. பிறகு நெஞ்சுக்குள் விசில். உள்ளே போன மூச்சு வெளியே வரமாட்டேன் என்றது. மழைச்சளி என்று அம்மா ஓமவல்லிச் சாறு கொடுத்துப் பார்த்தாள். உதடு நீலமானதும் அப்பா சைக்கிளை எடுத்தார். பிள்ளை நனையக்கூடாதே என்று அம்மா அதே கொங்காணியை என் மூக்குவரை இழுத்து மூடிவிட்டாள். சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் அப்பா என்று கூப்பிடக்கூட எனக்கு மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"என்ன சாக்குய்யா இது?"

"மருந்து வந்த சாக்குங்க. நல்லா உதறிட்டுத்தான் போட்டோம்."

"உதறுனா போயிடுமா? பூச்சிக்கு அடிக்கிறத புள்ள தலையில கவுத்து வெச்சிருக்கீங்க. மூச்சுக்குழாய் சுருங்கிப்போய்க் கெடக்கு."

சாக்கு வெளியே போனது. சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்றி, ஊசி போட்டு, மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் விசில் அடங்கிவிட்டது. பசிக்கிறது என்றேன். அப்பா ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தார். நான் தின்பதைப் பார்த்து அவர் கண்ணில் தண்ணீர். சாம்பார் காரம் என்றார். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

டாக்டரம்மா அவருக்கும் இரைப்பு உண்டா என்று கேட்டார். தனக்கென்ன, கல்லு மாதிரி இருப்பதாக அப்பா சொல்லிவிட்டார்.

வீடு திரும்பும்போது சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் காதை வைத்திருந்தேன். வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் உள்ளே அதே விசில் கேட்டது.

"நான் கனக்குறேனாப்பா? எறங்கி நடக்கட்டா?"

அப்பா சிரித்தார். பாதியில் இருமல் வந்து சிரிப்பை நிறுத்தியது.

"நல்லா கனத்துக்கிட்டே உக்காரு, பாப்பா."

என் கனத்தால்தான் அப்பாவுக்கு இரைக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் வயல் முழுக்கப் பொடி தூவியவர் அவர்தான் என்பது எனக்கு எட்டவில்லை. அதன் பிறகு அவர் பொடியைத் தொடவே இல்லை. இரைப்பும் மெல்ல மெல்ல விட்டுப்போனது. என் மூத்தவனைத் தோளில் வைத்துக்கொண்டு அதே பாலத்தில் ஏறி இறங்கினார்.

இப்போது கடலூரில் பேத்தி வீட்டில் இருக்கிறேன். கண்ணு, இதைச் சத்தமாகப் படி, கேட்கிறேன். அப்பா சிரிக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று படி.